வன்னி றோட்டுக்கு எந்த ஜீபிஎஸ்? போனா, டேப்லெட்டா, வாகனத்தில் பூட்டும் செட்டா?

அத்தான் போன வருடம் ஒரு பழைய ஹயஸ் வான் எடுத்து ஹயர் ஓடத் தொடங்கினார். கிளிநொச்சியில் இருந்து கட்டுநாயக்காவுக்கு ஓட்டம், ஆடி ஆவணியில் வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களைக் கோயில் கோயிலாக ஏற்றி இறக்குவது, இடையில் கலியாணவீடு, செத்தவீடு. ஏ9 அவருக்கு மனப்பாடம். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். முறிகண்டியில் நிற்பாட்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்காமல் ஒருநாளும் தாண்டமாட்டார். சிக்கல் எல்லாம் அந்தக் காப்பற் றோட்டை விட்டு உள்ளே இறங்கும்போதுதான்.

மார்கழியில் ஒருநாள், கனடாவில் இருந்து வந்த ஒரு குடும்பத்தை முத்தையன்கட்டுப் பக்கம் அவர்களுடைய பழைய காணி பார்க்கக் கூட்டிப்போனார். பின்சீற்றில் இருந்த பெடியன் தன் போனைப் பார்த்து, "அங்கிள், இதில ரைட்" என்றான். ரைட்டில் இருந்தது ஒரு வாய்க்கால் கரை. மூன்று கிலோமீற்றர் போனபிறகு மதகு இல்லை. மழை அள்ளிக்கொண்டு போயிருந்தது. போனில் சிக்னலும் இல்லை, மப் வெறும் சாம்பல் நிறம். திருப்ப இடம் இல்லை. பற்றைக்குள் சில்லை இறக்கித் திருப்பலாம் என்றால், அந்தப் பக்கம் கண்ணிவெடி எடுத்து முடித்துவிட்டார்களா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. கடைசியில் ஒரு கிலோமீற்றருக்குக் கிட்ட றிவேர்சிலேயே வந்திருக்கிறார். வானுக்குள் இருந்த அம்மா வழிமுழுக்க "தம்பி பாத்து, தம்பி பாத்து" என்று சொல்லிக்கொண்டே வந்தாவாம்.

அன்று இரவு வீட்டுக்கு வந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டு கேட்டார். "தம்பி, இதுக்கெண்டு ஒரு சாமான் வேணும். எது நல்லம்? நீயே சொல்லு."

நான் கம்ப்யூட்டர், போன் திருத்துகிற ஆள். ஆனால் கேட்டவுடன் பதில் சொல்லத் தெரியவில்லை. கொழும்பில் இருக்கிறவனுக்குச் சொல்லுகிற பதில் வன்னிக்குச் சரிவராது என்பது மட்டும் தெரிந்தது. அதனால் வீட்டில், சொந்தத்தில், கடையில் கிடந்த எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வானிலேயே வைத்துப் பார்த்தோம். கிளிநொச்சியில் இருந்து பரந்தன், தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவு. திரும்பும்போது முள்ளியவளை, ஒட்டுசுட்டான், மாங்குளம் வழியாக வீடு. ஏறக்குறைய 130 கிலோமீற்றர். டாஷ்போட்டில் மூன்று போன், ஒரு டேப்லெட், ஒரு பழைய கார்மின். எல்லாம் ஒரே நேரத்தில் கதைக்க, அக்கா பின்னால் இருந்து, "இது வானோ சந்தையோ?" என்று கேட்டா.

முதலில் ஒரு விசயத்தைச் சொல்லிவிடவேண்டும். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இதைத்தான் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள். டேற்றா இல்லாவிட்டால் ஜீபிஎஸ் வேலை செய்யாது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஜீபிஎஸ் செய்மதிகள் ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றிக்கொண்டு நேரத்தையும் தங்கள் இடத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. போன் அதைக் கேட்கிறது, அவ்வளவுதான். நாலு செய்மதியின் குரல் ஒழுங்காகக் கேட்டால் நாம் எங்கே நிற்கிறோம் என்று கணக்குப் போட்டுவிடும். அதற்குச் சிம்மும் வேண்டாம், காசும் வேண்டாம். திறந்த வெளியில் ஒரு சாதாரண போன் 5 மீற்றருக்குள் சரியாகக் காட்டும். வன்னி வெளிக்கு இதைவிட நல்ல இடம் எங்கே இருக்கிறது? மாடிக்கட்டடம் மறைக்காது, மலை மறைக்காது.

டேற்றா தேவைப்படுவது மப்பை இறக்குவதற்கு. இன்னொன்று, எந்தச் செய்மதி இப்போது எங்கே நிற்கிறது என்கிற அட்டவணையை இணையத்தில் இருந்து சட்டென்று எடுப்பதற்கு. அது கிடைக்காவிட்டால் போன் அதையும் செய்மதியிடமே கேட்டு எடுக்கும். அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். கனநாள் நிறுத்தி வைத்த கருவி என்றால் சில நிமிடங்கள் கூட ஆகும். அந்த நேரம் வானை ஓட்டிக்கொண்டு போனால் இன்னும் இழுபடும். ஆகவே வீட்டு வாசலில், திறந்த வானத்தின் கீழ், நீலப்புள்ளி வந்து நிலைத்தபிறகு வெளிக்கிடுங்கள். அத்தான் இப்போது தேங்காய் உடைத்துத் தேசிக்காய் வைக்கிற நேரத்தில் அதையும் செய்துகொள்கிறார்.

அதாவது வன்னிக்குக் கருவி தேடும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி திரை எத்தனை அங்குலம் என்பது இல்லை. சிக்னல் போனபிறகும் வழிகாட்டுமா, வெயிலைத் தாங்குமா, கிரவல் றோட்டுக் குலுக்கலில் நிற்குமா என்பவைதான். இந்த மூன்றையும் வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் நான் பார்த்தேன்.

லண்டனில் இருந்து வந்த கார்மின்

பெரியப்பாவின் மகன் சில வருடங்களுக்கு முன் கொண்டுவந்து விட்டுப்போன சாமான். கார்மின் நூவி வகை. கண்ணாடியில் ஒட்டுகிற உறிஞ்சி இன்றும் கழன்று விழவில்லை, சத்தம் கணீர் என்று வரும், நடுவில் கோல் வந்து மணியடிக்காது. வெயிலில் கிடந்து பழகிய சாதி. போனைப்போல் ஐந்து வேலை செய்வதில்லை, ஒரே வேலை.

ஆனால் பரந்தனில் போட்டபோது வெறும் வெள்ளைத் திரையில் ஒரு சின்னக் கார் மட்டும் நின்றது. உள்ளே இருந்தது பிரித்தானிய, அயர்லாந்து மப். ஒரு கிழமை முன்னுக்கே இதைப் பார்த்திருந்தால் நல்லது. பிறகு வீட்டில் இருந்து, யாரும் வரைந்து திருத்தக்கூடிய இலவச மப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பின் தரவில் செய்த இலங்கை மப்பை இலவசமாக இறக்கி, மெமரி கார்ட்டில் போட்டுச் செருகினேன். வேலை செய்தது. கார்மினில் இதைச் செய்யலாம். டொம்டொம் வகையில் இந்த வழி இல்லை, அந்தப் பெயரில் யாராவது இனாமாகத் தந்தால் யோசித்து வாங்குங்கள்.

அதற்குப் பிறகும் ஒரு தொல்லை. அது ஐரோப்பாவுக்குச் செய்த மூளை. நாடு, நகரம், வீதி, வீட்டு இலக்கம் என்று வரிசையாகக் கேட்கும். எங்கள் விலாசம் "155ஆம் கட்டை, கோயிலடிக்குப் பின்பக்கம்" என்று இருக்கும். அதை எங்கே அடிப்பது? வாட்ஸ்அப்பில் வந்த லொக்கேசனையும் அதற்குள் நேராக அனுப்ப முடியாது. எண்ணாக எடுத்து ஒவ்வொன்றாகக் குத்தவேண்டும். அந்த ஆங்கிலப் பெண்குரல் புதுக்குடியிருப்பு என்று சொன்னதைக் கேட்டு அத்தான் வானை ஓரம்கட்டிச் சிரித்தார்.

சும்மா கிடைத்தால், மப் மாற்றித் தர ஆள் இருந்தால், வைத்திருக்கலாம். காசு கொடுத்து இன்று வாங்கத் தேவையில்லை.

டேப்லெட்

எல்லாவற்றிலும் எனக்குப் பிடிக்காதது இதுதான். ஆனால் அத்தானுக்கு முதலில் ஆசை இதில்தான் இருந்தது, பெரிய திரை என்று.

அக்காவின் மகளுடைய ஐபாடைக் கொண்டுபோனோம். கிளிநொச்சியில் வீட்டு வைஃபையில் இருந்தபோது வீட்டைச் சரியாகக் காட்டியது. ஆண்ட்ராய்ட் போனில் இருந்து ஹொட்ஸ்பொட் கொடுத்துக்கொண்டு வெளிக்கிட்டோம். பரந்தன் சந்தி தாண்டியும் புள்ளி கிளிநொச்சியிலேயே குந்திக்கொண்டிருந்தது. காரணம் எளிது: சிம் போடாத, வைஃபை மட்டும் உள்ள ஐபாடுக்குள் ஜீபிஎஸ் இல்லவே இல்லை. சுற்றியுள்ள வைஃபை பெட்டிகளை வைத்து ஊகிக்கும். விசுவமட்டுத் தென்னந்தோப்புக்குள் எத்தனை வைஃபை பெட்டி இருக்கப்போகிறது? சிம் போடுகிற ஐபாடுகளில் ஜீபிஎஸ் உண்டு. ஆண்ட்ராய்ட் டேப்லெட்டுகளில் கனக்கவற்றில் உண்டு, மலிவானவை சிலவற்றில் இல்லை. வாங்கும்போது பெட்டியில் ஜீபிஎஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அல்லது கடை வாசலுக்குக் கொண்டுவந்து, வைஃபையை நிற்பாட்டிவிட்டு, புள்ளி வருகிறதா என்று பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் பரவாயில்லை.

ஜீபிஎஸ் இருந்தாலும் எடை ஒரு பிரச்சினை. கிரவலில் ஓட ஓட ஹோல்டர் தலையாட்டிக்கொண்டே இருக்கும். கண்ணாடியில் ஒட்டினால் இடப்பக்க றோட்டு மறையும், அந்தப் பக்கத்தில் இருந்துதான் மாடும் வரும், சைக்கிளும் வரும். கன்ரர் லொறி, றோசா பஸ் போன்ற அகலமான டாஷ்போட் உள்ளவற்றுக்கு ஏழு எட்டு அங்குல டேப்லெட் பொருந்தும். வானுக்கும் காருக்கும் வேண்டாம் என்பேன்.

லொறிக்காரருக்கு ஒரு இடைச்செருகல்: அந்த வாகனங்களில் பெரும்பாலும் 24 வோல்ற். சிகரெட் லைற்றர் துளையில் செருகும் சார்ஜரில் 12–24 என்று போட்டிருக்கவேண்டும். 12 மட்டும் போட்டதைச் செருகினால் முதல் நாளே மணம் வரும்.

யப்பான் கார்களின் ஊமைத் திரை

அத்தானுக்கு இது பொருந்தாது. ஆனால் வகன்ஆர், அக்வா, விற்ஸ் என்று வைத்திருக்கிறவர்கள் "என்ர காரிலயே நவிகேசன் இருக்கே" என்பார்கள். இருக்கிறது, யப்பானுக்கு. யப்பானில் ஓடிய கார் என்றால் உள்ளே யப்பான் மப், யப்பானிய எழுத்து. காலையில் சாவியைத் திருப்பினால் ஒரு பெண் ஏதோ மரியாதையாகச் சொல்லுவாள். அது வணக்கம் இல்லை, அங்கே சுங்கச்சாலைக்குப் போடுகிற அட்டையைக் காணவில்லை என்கிறாள். கிளிநொச்சியில் அவளுக்கு எங்கே அட்டை தேடுவது? பற்றரி கழற்றிப் பூட்டினால் சில செட்டுகள் இரகசிய எண் கேட்டுக்கொண்டு பூட்டிக்கொள்ளும். பழைய யப்பான் செட்டின் எஃப்எம் 76 இல் தொடங்கி 90 இல் முடியும், எங்களுடையது 108 வரை போகிறது. ஆகவே பாட்டும் பாதிதான். அதில் இலங்கை மப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், ஓடிக் காட்டியபிறகு காசைக் கொடுங்கள்.

கையில் இருக்கும் போன்

சரி, எல்லோரிடமும் இருப்பது இதுதான். இதற்கு ஒரு ஹோல்டர் 1,500 ரூபாய்க்கு வாங்கினால் போதாதா? கிழமையில் ஒருநாள் உள்ளூருக்குள் போகிறவருக்குப் போதும். ஹயர் ஓடுகிறவருக்குப் போதாது. வழி காட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அடுத்த ஹயர்காரர் கோல் எடுப்பார். சந்தியில் எந்தப் பக்கம் என்று தெரியாத அந்த ஒரு நிமிடம் திரையில் அவருடைய பெயர் நிற்கும். போனைக் கையில் எடுத்தால் பொலிஸ் தண்டம் எழுதும், எழுதுவதும் நியாயம். இறங்கிப் போகும்போது போனையும் கழற்றிக்கொண்டு போகவேண்டும், திரும்ப வந்து மாட்டவேண்டும். ஒரு நாளைக்கு இருபது தரம்.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அன்று எங்களுக்குக் கிடைத்த பெரிய பாடம் அதுதான். முல்லைத்தீவுக் கடற்கரையில் வானை நிற்பாட்டி, மீன் வாங்கப் போனோம். முக்கால் மணித்தியாலம் இருக்கும். திரும்பி வந்தபோது என்னுடைய ஐபோன் சூடு கூடிவிட்டது என்று எழுதிக்கொண்டு கறுத்துக் கிடந்தது. அப்பிள் நிறுவனமே அதைப் பாவிக்கச் சொல்லும் வெப்பநிலை 35 பாகை வரைக்கும்தான். சித்திரை வைகாசியில் எங்கள் வெளிக்காற்றே அந்த அளவுக்கு வரும், கண்ணாடி ஏற்றிய வானுக்குள் சொல்லவே வேண்டாம். முன்கண்ணாடியில் உயர ஒட்டினால் வெயில் நேராகப் போனின் முதுகில் விழும். அந்த நேரம் சார்ஜும் ஏறினால் இரண்டு பக்கமும் அடுப்பு. போன் தானாகவே திரை வெளிச்சத்தைக் குறைக்கும், பிறகு சார்ஜை நிற்பாட்டும், பிறகு நின்றே போகும். அதே சமயம் ஏசி வாயில் மாட்டும் ஹோல்டரில் இருந்த அத்தானுடைய போன், வான் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே கைக்குக் குளிர்ந்தது. ஹோல்டர் எந்தக் கம்பனி என்பதைவிட எங்கே மாட்டுகிறோம் என்பதுதான் முக்கியம். ஏசி இல்லாத வான் என்றால் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், நிழல் விழும் உயரத்தில் மாட்டுங்கள்.

சார்ஜரிலும் மலிவைப் பார்க்கவேண்டாம். சந்தையில் 300 ரூபாய்க்கு விற்கிற சின்னக் குமிழ்கள் போனுக்குப் போதுமான மின்னைக் கொடுக்காது. மப்பும் திரையும் குடிப்பது அதைவிடக் கூட. செருகி இருக்கும்போதே பற்றரி இறங்கிக்கொண்டு போகும், ஏன் என்று விளங்காமல் போனைத் திட்டுவோம்.

இரண்டாவது போன்

என்னுடைய வாக்கு இதற்குத்தான். மேசை லாச்சிக்குள் கிடக்கும் பழைய போனை எடுத்து வாகனத்துக்கென்றே விட்டுவிடுவது. புதிதாகக் காசு ஒன்றும் இல்லை, அல்லது கொஞ்சம்தான். கோல் வராது, வாட்ஸ்அப் வராது, பிள்ளைகள் கேம் விளையாடக் கேட்டால் இல்லை என்று சொல்லலாம். உடைந்தால் அழத் தேவையில்லை.

வெளிநாட்டில் இருந்து வந்த போன்களுக்கும் இதில் ஒரு வாழ்வு இருக்கிறது. தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதியாத போன் என்றால் சிம் போட்டுப் பாவிக்கச் சிக்கல் வரலாம். வாங்குவதற்கு முன் நட்சத்திரம், கட்டம், 06, கட்டம் அடித்து வருகிற ஐஎம்ஈஐ எண்ணை (அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்) 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்ப்பது நல்லது. ஆனால் சிம்மே போடாமல் ஜீபிஎஸ்ஸுக்கு மட்டும் வைத்திருந்தால் அந்தக் கவலை இல்லை. செய்மதி அனுமதி கேட்பதில்லை. ஐபோன் என்றால் மட்டும் பழைய சொந்தக்காரரின் கணக்குப் பூட்டு கழற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், பூட்டியிருந்தால் அது வெறும் செங்கல்.

அன்றைய ஓட்டத்தில் கடையில் கிடந்த நாலு ஜீபி ரம் (நினைவகம்) உள்ள ஒரு பழைய ஆண்ட்ராய்ட்தான் கடைசிவரை தளராமல் வந்தது. முதல் நாள் இரவே வீட்டு வைஃபையில் இரண்டு மப் இறக்கி வைத்திருந்தேன். ஒன்று கூகிள் மப்பில் வட மாகாணத்தை முழுதாகப் பெட்டி போட்டு இறக்கியது. மற்றது ஓகானிக் மப்ஸ் என்கிற இலவச அப். ஒட்டுசுட்டானில் இருந்து மாங்குளம் வரும் வழியில் காடு இரண்டு பக்கமும் நெருங்கி, சிக்னல் கோடு ஒன்று வந்து ஒன்று போன நேரத்திலும் இரண்டும் சலனமில்லாமல் வழி சொல்லின.

ஏன் இரண்டு? கூகிளில் கடை, கோயில், பள்ளிக்கூடம், மண்டபம் என்று பெயர் கொடுத்தால் கிடைக்கும், தமிழிலேயே குரலும் உண்டு. ஆனால் உள்பாதைகளில் அது சிலவேளை கண்மூடித்தனமாகக் குறுக்கு வழி காட்டும். ஓகானிக் மப்ஸ் ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பை வைத்து ஓடுகிறது. ஊரில் இருக்கிறவர்களும் மற்றத் தன்னார்வலர்களும் குளக்கட்டு, வாய்க்கால் கரை, வண்டில்பாதை என்று வகை பிரித்து வரைந்தது. தார் றோட்டும் வண்டில்பாதையும் அதில் கோட்டிலேயே வேறு வேறாகத் தெரியும். முத்தையன்கட்டில் அத்தானை மாட்டிய அந்தக் கரையை ஓகானிக்கில் தேடிப் பார்த்தேன். புள்ளிக்கோடாகத்தான் இருந்தது. புள்ளிக்கோட்டைக் கண்டால் மாரியில் வானை இறக்கக்கூடாது என்று இப்போது அவருக்குத் தெரியும். மதகு உடைந்ததை அன்றிரவே நான் அதில் குறித்தும் விட்டேன். நீங்களும் செய்யலாம், காசில்லை.

சிக்னல் இல்லாத ஊர்ப்புறம் ஒருபுறம் இருக்க, சிக்னல் இருந்தும் டேற்றா அசையாத நாட்களும் உண்டு. வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கல், ஓகஸ்ட் 15 மடுமாதா திருவிழா. அத்தனை சனம், அத்தனை போன். இறக்கி வைத்த மப்புக்கு அந்தத் தொல்லையே இல்லை. இறக்கிய மப்பில் நெரிசல் தெரியாது என்பார்கள். வன்னியில் நெரிசல் என்றால் பட்டி மாடு றோட்டைக் கடக்கும் நேரம்தான், அதை எந்தச் செய்மதியும் சொல்லாது. மாதம் ஒருதரமாவது போனை வைஃபையில் இணைத்து மப்பைப் புதுப்பியுங்கள். கூகிளில் இறக்கியது புதுப்பிக்காமல் விட்டால் ஒருநாள் காலாவதியாகிவிடும், அது தெரியவருவது நடுக்காட்டில்தான்.

தேடும்போது ஒரு பொறி இருக்கிறது, வன்னியில் பிறந்தவர்களையும் அது மாட்டும். எங்கள் ஊர்ப்பெயர்களில் கனக்க தமிழ்நாட்டிலும் உண்டு. இராமநாதபுரம் என்று அடித்தால் கடலுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கும், வழி இல்லை என்று சொல்லும். திருவையாறு என்றால் தஞ்சாவூர். கிளிநொச்சி என்று சேர்த்து அடிக்கவேண்டும். ஆங்கிலத்தில் அடித்தால் இன்னும் மோசம், முறிகண்டியை எழுத எத்தனை விதம் இருக்கிறதோ அத்தனையும் யாரோ ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். எல்லாவற்றிலும் நல்ல வழி, போகிற வீட்டுக்காரரிடம் வாட்ஸ்அப்பில் லொக்கேசன் கேட்டு வாங்குவது. அதுவும் அவர் வீட்டில் நின்றுகொண்டு அனுப்பினாரா என்று கேளுங்கள். சந்தையில் நின்று அனுப்பிய லொக்கேசனுக்கு ஒரு பொம்பிளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு போன கதை எங்கள் குடும்பத்தில் உண்டு.

பழைய போனின் குறை என்ன? பற்றரி. எந்நேரமும் செருகி, எந்நேரமும் வெயிலில் வைத்தால் பற்றரி ஊதும். பின்மூடி இலேசாகத் தூக்கிக்கொண்டு நிற்பதைக் கண்டால் அன்றே கழற்றிவிடுங்கள், அமத்தி மூடவேண்டாம். சில போன்களில் 80 அல்லது 85 வீதத்தோடு சார்ஜை நிற்பாட்டும் வசதி அமைப்புகளுக்குள் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். இரவில் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோங்கள். இன்னொன்று, மிகப் பழைய ஆண்ட்ராய்டில் இப்போதைய கூகிள் மப் இறங்காது. அதில் ஓகானிக் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பூட்டும் செட்

இவ்வளவும் சொல்லி முடித்தபிறகு அத்தான், "அப்ப அந்தப் பெரிய செட்?" என்றார். றேடியோ இருந்த இடத்தில் பூட்டுகிற ஒன்பது, பத்து அங்குல ஆண்ட்ராய்ட் செட்டைத்தான் சொல்கிறார். நான் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னேன். விலைக்கு மூன்று பழைய போன் வாங்கலாம். மலிவுச் செட்டுகளில் ரம், ஆண்ட்ராய்ட் பதிப்பு என்று திரையில் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறு. சாவி திருப்பினால் எழும்பக் கொட்டாவி விடும். இரண்டு ஜீபி ரம் என்றால் மப்பும் பாட்டும் ஒன்றாக ஓடும்போது திணறும். நாலு ஜீபிக்குக் குறைந்து வாங்கவேண்டாம்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் ஹயர் ஓடுகிறவருக்கு அதில் ஒரு நியாயம் இருக்கிறது. கழற்றி மாட்டும் வேலை இல்லை, பற்றரி ஊதும் பயம் இல்லை, குலுக்கலில் விழாது. றிவேர்ஸ் கமெரா பூட்டலாம், ஒரு கிலோமீற்றர் பின்னால் வந்த மனிசனுக்கு அதன் அருமை தெரியும். வெளிநாட்டுச் சனம் ஏறி உட்கார்ந்தவுடன் திரையைப் பார்ப்பார்கள், வாடகை பேசும்போது அதுவும் ஒரு கணக்கு. நல்ல செட்டுகளில் போனைக் கேபிளால் இணைத்துப் போனின் மப்பையே பெரிய திரையில் காட்டலாம். அப்போது மூளை போனுடையது, திரை மட்டும் செட்டுடையது. செட் கொஞ்சம் மந்தமானாலும் வழி தவறாது.

அவர் வாங்கினார். வவுனியாவில் ஒரு கடையில் பூட்டினார்கள். இரண்டு பிழை விட்டார்கள். மஞ்சள் வயர் பற்றரிக்கு நேராகவும் சிவப்பு வயர் சாவிக்கும் போகவேண்டும். இரண்டையும் பற்றரிக்கே முறுக்கிவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை வான் ஸ்டார்ட் ஆகவில்லை, தள்ளித்தான் எடுத்தோம். அடுத்தது ஜீபிஎஸ் அன்ரெனா. தீப்பெட்டியிலும் சின்ன கறுப்புச் சதுரம், கீழே காந்தம். அதை டாஷ்போட்டுக்கு உள்ளே இரும்புச் சட்டத்தில் கவிழ்த்து ஒட்டியிருந்தார்கள். கிளிநொச்சியில் நின்றால் வயலுக்குள் காட்டியது. இரண்டையும் என் கடையில் நானே கழற்றிச் சரிசெய்தேன். அன்ரெனா முகம் மேலே பார்க்கவேண்டும், மேலே கண்ணாடியைத் தவிர ஒன்றும் இருக்கக்கூடாது. முன்கண்ணாடியில் உலோகம் கலந்த கறுப்புத் தாள் ஒட்டியிருந்தால் அதுவும் சிக்னலைத் தின்னும்.

டாஷ்போட்டில் அதற்குப் பொருத்தமான ஒரே இடத்தில் முறிகண்டியில் வாங்கிய சின்னப் பிள்ளையார் இருந்தார். அவரை எழுப்பலாமா என்று நான் கேட்டதற்கு அத்தான் என்னைப் பார்த்த பார்வையில் கதையை விட்டுவிட்டேன். பிள்ளையார் பிளாஸ்ரிக். பித்தளையாக இருந்தால்தான் தகராறு. அன்ரெனாவை அவருக்கு முதுகுப்பக்கமாக ஒட்டினோம், பதினொரு செய்மதி பிடித்தது. பழைய ஆண்ட்ராய்ட் இப்போதும் அதே வானில்தான் இருக்கிறது, மப் இறக்கியபடி, நிழலுக்குள், கச்சான் பையோடு.